மறு: ஃபோகஸர், கீபேட் – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

தொலைநோக்கியில் படத்தைக் கூர்மையாக்கும் ஃபோகஸர், அதை மோட்டாரால் நகர்த்த உதவும் கீபேட், இரண்டையும் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். நேற்று ராத்திரி என் செய்முறைக் குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்ததும்தான் எந்தச் சொல் எங்கே இடிக்கிறது என்று புரிந்தது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருள். என்னுடைய தொலைநோக்கியில் 150 மி.மீ. ஆடி, குவியத்தூரம் 900 மி.மீ., அதாவது ஆடியின் விட்டத்தைப் போல் ஆறு மடங்கு, எஃப்/6. ஆடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டன் வகை. ஃபோகஸர் வீட்டில் செய்தது. ஒரு பக்கம் நான்கு பேரிங், எதிர்ப்பக்கம் 6 மி.மீ. எஃகுக் கம்பி, நடுவில் கண்ணருகு லென்ஸைத் தாங்கும் அலுமினியக் குழாய். பல்சக்கரமே கிடையாது. குமிழைத் திருப்பினால் கம்பி குழாயை அழுத்தியபடி உருளும், உராய்வில் குழாய் உள்ளே போகும், வெளியே வரும். 6 மி.மீ. குவியத்தூரமுள்ள கண்ணருகு லென்ஸைப் போட்டால் 150 மடங்கு. அந்த மடங்கில் குமிழ் மேல் விரல் பட்டாலே வியாழன் பதறும். கையை எடுத்து இரண்டு மூன்று விநாடி பொறுத்தால்தான் அடங்கும். அதற்குள் முன்பு கூர்மையாக இருந்ததா, இப்போது இருக்கிறதா என்பது மறந்தே போகும். அதற்காகத்தான் மோட்டாரும் கையில் வைத்துக்கொள்ள ஒரு கீபேடும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் மோட்டார் 28பிஒய்ஜே-48, ஸ்டெப் ஸ்டெப்பாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் வகை. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2048 ஸ்டெப். அது திருப்பும் கம்பியின் சுற்றளவு 18.85 மி.மீ. ஆக, ஒரு ஸ்டெப்புக்குக் குழாய் நகர்வது சுமார் 0.009 மி.மீ. எஃப்/6 இல் பச்சை ஒளிக்குப் படம் கூர்மையாக நிற்கும் இடைவெளி மொத்தமே கிட்டத்தட்ட 0.1 மி.மீ.தான். அதற்குள் பத்து ஸ்டெப் அடங்குகிறது. விரலால் இப்படி நகர்த்த எனக்கு வராது.

இனி சொல்லுக்கு வருகிறேன். // // குறிக்குள் இருப்பவை இந்த இழையில் மற்றவர்கள் எழுதியவை.

//ஃபோகஸர் = குவிப்பான். எளிமை, அழகு.//

அழகுதான், ஆனால் பொய். ஒளியைக் குவிப்பது ஆடி. இந்தக் கருவி எதையும் குவிப்பதில்லை. இழையில் வந்த ‘குவியமாற்றி’யும் அப்படியே. குவியம் எங்கே மாறுகிறது? ஆடி குவிக்கிற இடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நாம்தான் லென்ஸை அதனிடம் கொண்டுபோகிறோம். ‘தெளிவாக்கி’ பரவாயில்லை, ஆனால் அதைச் சுருக்கி ஒருவர் ‘தெளிப்பான்’ என்று எழுதியதும் எனக்குப் பூச்சிமருந்து வாசம் வந்துவிட்டது.

எனக்கு ஒரு பழக்கம்: பெயர்ச்சொல் செய்யும் முன் வினையைக் கேட்பேன். போன வாரம் அக்கா மகள் மாடிக்கு வந்தாள். கண்ணை வைத்தபடி குமிழைத் திருப்பிக்கொண்டே, “மாமா, வருது... வருது... ஐயோ விட்டுடுச்சு... இரு, பிடிச்சுட்டேன்!” என்றாள். ‘பிடிச்சுட்டேன்’. வால்வு ரேடியோவில் இலங்கை வானொலியைப் பிடித்தார்களே, அதே பிடித்தல். தாண்டிப்போய், திரும்பி வந்து, நடுவில் நிறுத்துவது. ஃபோகஸ் பண்ணுவதும் அச்சு அசல் அதுதான். ஆகவே வினை ‘குவியம் பிடி’, கருவி ‘குவியப்பிடி’. கத்திப்பிடி மாதிரி கைப்பிடி என்று அர்த்தமாகாதா என்று கேட்பீர்கள். ஆகட்டுமே, குமிழைப் பிடித்துத்தானே திருப்புகிறோம். மோட்டார் வந்த பிறகு யார் பிடிக்கிறார் என்ற குதர்க்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

என்னுடையது போல் பல்சக்கரமின்றி உராய்வில் ஓடும் ஃபோகஸருக்குக் ‘கிரேஃபோர்டு’ என்று பெயர். அதை ‘உராய்வுருளை வகை’ என்று பெயர்த்தவருக்கு ஒரு வேண்டுகோள்: விட்டுவிடுங்கள் ஐயா. கிரேஃபோர்டு என்பது லண்டனின் தென்கிழக்கே இருக்கிற ஓர் ஊர். அங்குள்ள வானியல் சங்கத்தைச் சேர்ந்த ஜான் வால் 1970களின் தொடக்கத்தில் செய்து காட்டியதால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. பத்தமடைப் பாயை யாராவது பெயர்ப்பார்களா?

//கீபேட் = விசைத்தளம், விசைத்திண்டு. கீ = விசை என்று நிலைபெற்றுவிட்டது.//

கணினியில் நிலைபெற்றதுதான். விசைப்பலகை மேல் நான் கை வைக்கவில்லை. ஆனால் என் குறிப்பில் நேற்று விழுந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “விசையை அழுத்தியும் குழாய் நகரவில்லை என்றால் கம்பிக்கு விசை போதவில்லை, திருகை முடுக்கி விசையைக் கூட்டி, மறுபடி விசையை அழுத்தவும்.” நான்கு விசை. இரண்டு விரலுக்கு, இரண்டு இயற்பியலுக்கு. எழுதிய எனக்கே இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தது. உராய்வை நம்பி ஓடும் கருவியில் விசை என்ற சொல்லை இயற்பியலுக்கே விட்டுக்கொடுப்பதுதான் நியாயம்.

யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘ஆளி’ எனக்குப் பிடித்திருந்தது. சுவிட்சுக்கு அங்கே பாடப்புத்தகத்துச் சொல், வாயிலும் நுழைகிறது. இங்கே அதைச் சொன்னால் கடைக்காரர் ஆளி விதைப் பொட்டலத்தை நீட்டுவார். ‘சாவி’ பூட்டோடு போய்விட்டது. ஆர்மோனியத்தின் ‘கட்டை’யை ஒருவரும் சொல்லாதது ஆச்சரியம், விரலால் அழுத்தும் கீக்கு நம்மிடம் புழங்கும் சொல் அதுதான். ஆனால் என் கையில் இருப்பது தபால் அட்டை மாதிரித் தட்டையான பிளாஸ்டிக். அதைக் கட்டை என்று சொல்ல மனம் வரவில்லை.

நான் சொல்வது ‘பொத்தான்தட்டு’. பொத்தான் போர்த்துகீசியத்திலிருந்து வந்ததுதான், சாவியும் அப்படித்தான். வந்து பல தலைமுறை ஆயிற்று, ரேஷன் கார்டே கொடுத்துவிடலாம். ‘தட்டு’ என்பது பலகையும் ஆகும், தட்டுகிற செயலும் ஆகும்.

உள்ளே இருப்பது 4 நிரை (கிடைவரிசை), 4 நிரல் (நெடுவரிசை), 16 பொத்தான், எட்டே கம்பி. மோட்டாரை ஓட்டும் குட்டிக் கணினிப் பலகையான ஆர்டுயினோ ஒவ்வொரு நிரையாகத் தாழ்ந்த மின்னழுத்தத்துக்கு இழுத்து, எந்த நிரல் கூடவே தாழ்கிறது என்று பார்க்கிறது. இரண்டும் வெட்டும் இடத்துப் பொத்தான்தான் அழுத்தப்பட்டது. நிரை, நிரல் இரண்டிலும் இந்தியா, இலங்கை இரு நாட்டுக்கும் சண்டை இல்லை. இப்படிக் கட்டமாக அடுக்கிய மேட்ரிக்ஸ்தான் இங்கே ‘அணி’, அங்கே ‘தாயம்’. இந்த ஒரு தடவை தாயத்துக்கே என் வாக்கு. கட்டம் போட்டிருக்கிறது, எது விழுந்தது என்று பார்க்கிறோம்!

‘ஸ்டெப்’புக்கு ‘எட்டு’ என்று முன்மொழிந்தவர் நல்ல தமிழ்தான் சொன்னார், ஒரு எட்டு போய்விட்டு வா என்கிறோமே. என் தட்டிலோ 8 ஆம் பொத்தான் வெளியே நகர்த்துவதற்கு. “எட்டை அழுத்தினால் எட்டு எட்டு நகரும்.” வேண்டாம், ‘படி’ போதும், மோட்டார் ‘படிமோட்டார்’.

இரண்டு சொல் யாரும் எடுக்காமல் கிடக்கின்றன. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் உள்ளே தொடுமுனை சில மில்லிவிநாடி துள்ளிவிட்டுத்தான் நிற்கும். ஆர்டுயினோவுக்கு அது மூன்று நான்கு அழுத்தமாகத் தெரியும். முதல் நாள் நான் எழுதிய புரோகிராமில் இதற்குத் தடுப்பு இல்லை. ஒரு படி கேட்டேன், நான்கு படி போயிற்று. மோட்டார்தான் கெட்டது என்று ஒரு மணி நேரம் அதைத் திட்டினேன். இப்போது முதல் தொடுகைக்குப் பின் 20 மில்லிவிநாடி காத்து, இன்னும் அழுந்தியிருக்கிறதா என்று பார்த்தே எண்ணுகிறேன். இந்தத் தடுப்புக்குத்தான் டிபவுன்ஸ் என்று பேர். அதற்குத் ‘துள்ளலடக்கம்’ எப்படி? வாடிவாசல் நினைவு வந்தாலும் வரட்டும்.

இன்னொன்று பேக்லாஷ். மோட்டாருக்குள் இருக்கிற குட்டிப் பல்சக்கரங்களுக்கிடையே தளர்வு. திசை மாற்றினால் முப்பது நாற்பது படிவரை மோட்டார் சுற்றும், குழாய் அசையாது. இதற்குப் ‘பின்னடிப்பு’ என்று அகராதித்தனமாக ஒன்று கண்டேன். எந்த லேத் பட்டறையிலாவது போய்ச் சொல்லிப் பாருங்கள். அங்கே ‘பிளே’ அல்லது ‘ஆட்டம்’. “பேரிங்ல ஆட்டம் இருக்கு” என்றால் ஊரில் எல்லாருக்கும் புரியும். ‘பல்லாட்டம்’ என்று வைத்தால் பல் டாக்டர் கோபித்துக்கொள்வார், எனக்குச் சம்மதம். உள்ளே போகச் சொன்னால் என் புரோகிராம்படி குழாய் 60 படி கூடுதலாகப் போய், திரும்பி வெளியே வந்தே நிற்கும். எப்போதும் ஒரே திசையில் வந்து நின்றால் பல்லாட்டம் கணக்கில் வராது.

ஏ, பி, சி, டி பொத்தான்கள் மேல் அ, ஆ, இ, ஈ என்று வெட்டி ஒட்டிவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு கண்ணருகு லென்ஸின் இடத்தை நினைவில் வைத்திருக்கும். லென்ஸை மாற்றிப் பொத்தானைத் தட்டினால் கிட்டத்தட்ட அங்கேயே போய் நிற்கிறது. கடைசி ஐந்தாறு படியைக் கண்தான் பிடிக்க வேண்டும்.

ஓசூர்ப் பட்டறை அண்ணனுக்கு ஒரு கேள்வி. மோட்டார் அச்சு 5 மி.மீ., என் கம்பி 6 மி.மீ. இரண்டையும் இணைக்கிற பித்தளைத் துண்டைக் குறிப்பில் ‘கப்ளிங்’ என்றே எழுதியிருக்கிறேன். உங்கள் பட்டறையில் வேறு பேர் புழங்குகிறதா? அதன் பக்கத்துத் திருகு அடிக்கடி நழுவுகிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.