இருட்டான காட்சிகளில் பேண்டிங்: டெட்ஸோனைக் குறைப்பதா, ஆர்டிஓகியூ போடுவதா?

பிட்டுக்கஞ்சன்:
எச்.265 வீடியோ சுருக்கத்துக்கு ஒரு என்கோடர் எழுதுகிறேன், 8 பிட். கோஎஃபிஷியன்ட்டை (பிளாக்கை அலைவெண்களாகப் பிரித்தால் வரும் எண்) ஸ்டெப்பால் வகுத்து முழு எண்ணாக்கும் முன் கூட்டும் பின்னம்தான் ரவுண்டிங் ஆஃப்செட்; அது சிறிதானால் பூஜ்யமாகும் எல்லை, அதாவது டெட்ஸோன், பெரிதாகும். அதை 1/2 வைத்தால் பிட்ரேட் எகிறுகிறது. எல்லா பிளாக்குக்கும் 1/6 வைத்தால் இறங்குகிறது, ஆனால் இரவு வானமும் நிழல் விழுந்த சுவரும் பட்டை பட்டையாகத் தெரிகின்றன (பேண்டிங்). இரண்டையும் ஒரே கியூபியில்தான் (ஸ்டெப்பின் அளவை நிர்ணயிக்கும் எண்) ஒப்பிட்டிருக்கிறேன். எங்கே கை வைப்பது?

லாம்ப்டா:
ஒரே கியூபியில் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. ஆஃப்செட் மாறினால் பிட்டும் மாறும், தரமும் மாறும். கியூபி 22, 27, 32, 37 நான்கிலும் ஓட்டி பிடி-ரேட் (ஒரே தரத்துக்கு எத்தனை சதவீதம் பிட் கூடுகிறது, குறைகிறது என்ற சராசரி) பாருங்கள்.

கோஎஃபிஷியன்ட்கள் பூஜ்யத்தை ஒட்டியே குவிகின்றன. எந்த இடைவெளியை எடுத்தாலும் அதன் கீழ்ப்பக்கத்தில்தான் கூட்டம். அதனால்தான் 1/2 வீண். ரெஃபரன்ஸ் என்கோடரில் இன்ட்ராவுக்கு (அதே ஃபிரேமிலிருந்து கணிக்கும் பிளாக்) 171/512, இன்டருக்கு (வேறு ஃபிரேமிலிருந்து கணிப்பது) 85/512. அதாவது ஏறக்குறைய 1/3, 1/6. கியூபி 28-ல் ஸ்டெப் 16. கோஎஃபிஷியன்ட் 12 என்றால் 12/16 = 0.75. 1/3 கூட்டினால் 1.08, லெவல் (கிடைக்கும் முழு எண்) 1. 1/6 கூட்டினால் 0.92, லெவல் 0. மெல்லிய கிரேடியன்ட்டில் இருப்பதே டிசியை (பிளாக்கின் சராசரி அளவைச் சொல்லும் முதல் கோஎஃபிஷியன்ட்) அடுத்த ஒன்றிரண்டு சின்ன கோஎஃபிஷியன்ட்தான். இன்ட்ராவிலும் 1/6 வைத்து அவற்றைத் துடைத்துவிட்டீர்கள், பிளாக் தட்டையாகிவிட்டது.

பிட்டுக்கஞ்சன்:
இன்ட்ராவை 1/3 ஆக்கியதும் பாதி சரியானது. மீதிக்கு ஆர்டிஓகியூ (பிழையையும் பிட் செலவையும் எடைபோட்டு லெவலைத் தேர்வது) உதவுமா?

ட்ரெல்லிஸ்:
பிட்ரேட்டுக்கு உதவும், பேண்டிங்குக்கு உதவாது, அதிகமாகவும் ஆகலாம். ஒவ்வொரு கோஎஃபிஷியன்ட்டுக்கும் லெவல், அதில் ஒன்று குறைவு, பூஜ்யம் என மூன்றையும் எடுத்து, வர்க்கப் பிழை + லாம்ப்டா (பிட் செலவுக்குக் கொடுக்கும் எடை) × பிட் எதில் குறைவோ அதை வைத்துக்கொள்கிறது. இருட்டில் ஓரிரு அளவு வித்தியாசத்துக்கு வர்க்கப் பிழை அற்பம், ஆகவே பூஜ்யம்தான் ஜெயிக்கும். கண்ணுக்கு உறுத்துவது அந்தக் கணக்கில் வராது. வேரியன்ஸ் குறைந்த (ஏறக்குறைய ஒரே அளவான) இன்ட்ரா பிளாக்குகளில் டிசியை ஒட்டிய சில இடங்களைப் பூஜ்யமாக்க விடாதீர்கள்.

எழுதும்போது பிட் மதிப்பீட்டை அப்போதைய கேபாக் (லெவல்களைப் பிட்டுகளாக்கும் என்ட்ரபி கோடர்) நிலையிலிருந்து எடுங்கள். நிலையான அட்டவணை வைத்தால் ஆதாயம் குறையும். 4×4 கோஎஃபிஷியன்ட் குழு முழுவதையும் பூஜ்யமாக்கினால் லாபமா, கடைசி கோஎஃபிஷியன்ட்டின் இடத்தை முன்னே இழுக்கலாமா என்றும் பார்க்க வேண்டும்.

லாம்ப்டா:
சேர்த்து, சமதள பிளாக்குகளுக்கு கியூபியை 2, 3 குறையுங்கள். பிஎஸ்என்ஆர் (வர்க்கப் பிழையை வைத்துத் தரத்தை அளக்கும் எண்) சற்று இறங்கும், அதைப் பார்த்து பின்வாங்க வேண்டாம். இதில் ஒரு பொறி: கோஎஃபிஷியன்ட் எதுவும் மிஞ்சாத பிளாக்குக்கு டெல்டா கியூபி (யூகித்த கியூபியிலிருந்து உள்ள வித்தியாசம்) அனுப்பப்படாது. டிகோடர் யூகித்த கியூபியையே டிபிளாக்கிங்குக்கு (பிளாக் ஓரங்களை மென்மையாக்கும் வடிகட்டி) எடுக்கும். என்கோடரிலும் அதே மதிப்புக்குத் திரும்பாவிட்டால் இரண்டும் பிரிந்து, பிழை ஃபிரேமுக்கு ஃபிரேம் சேரும்.

பிட்டுக்கஞ்சன்:
எச்.265-க்கு அடுத்து வந்த விவிசியின் டிபென்டன்ட் குவாண்டைசேஷனை இதில் சேர்க்க முடியுமா?

ட்ரெல்லிஸ்:
முடியாது. அதில் இரண்டு குவாண்டைசர்களுக்கு இடையே, முந்தைய லெவல் ஒற்றையா இரட்டையா என்பதை வைத்து டிகோடரும் தாவ வேண்டும். எச்.265 டிகோடருக்கு அது தெரியாது. 10 பிட்டுக்கு மாறுங்கள், பேண்டிங்குக்கு அதுதான் நேரடி மருந்து. உள்ளே கியூபியுடன் 12 கூட்ட மறந்தால் ஸ்டெப் நான்கில் ஒன்றாகி பிட்ரேட் வெடிக்கும்.