கோபேயில் அன்றாடப் பொருள்களை எங்கே வாங்குவது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தமாக மனைவியுடனும் நான்கு வயது மகளுடனும் கடந்த வாரம் ஜப்பானின் கோபே நகருக்குக் குடிவந்துள்ளேன். கடைகளைப் பற்றி இங்கு நெடுநாள் வசிப்பவர்களின் ஆலோசனை தேவைப்படுகிறது.

வாளி, துடைப்பம் போன்றவற்றை பெரும்பாலான பொருள்கள் வரியோடு 110 யென் ஆகும் ‘நூறு யென் கடை’யில் வாங்கிவிட்டோம். மாநகராட்சி நிர்ணயித்த குப்பைப் பைகளும் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைத்தன. சிக்கல் சமையலறையில்தான். நாங்கள் சைவ உணவு உண்பவர்கள். பொட்டலங்களில் எழுதியிருப்பதைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால், காய்கறிக் குழம்பு என்று நம்பி எடுப்பதிலும் உலர்மீன் சாறு கலந்திருக்கிறது. ஒட்டிக்கொள்ளும் ஜப்பானிய அரிசி ரசத்துக்கு ஒத்துவரவில்லை (மகளுக்கு மட்டும் அது பிடித்துவிட்டது). கியோமு சூப்பர் என்ற சூப்பர்மார்க்கெட்டில் மசாலாப் பொருள்களும் உறையவைத்த காய்கறிகளும் மலிவு என்கிறார்கள். துவரம் பருப்பு, உளுந்து, புழுங்கல் அரிசி ஆகியவை நகர மையமான சன்னோமியாவுக்கு வடக்கே, மசூதியை ஒட்டிய ஹலால் கடைகளில் கிடைக்குமா? கறிவேப்பிலையை எங்கே வாங்குகிறீர்கள்?

இன்னொன்று: ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சி இங்குள்ள 100 வோல்ட் மின்சாரத்தில் பயன்படவில்லை. டோக்கியோ நண்பர் தமது பழைய மைக்ரோவேவ் அடுப்பைத் தர முன்வந்தாலும், மின்சாரத்தின் அதிர்வெண் அங்கே 50 ஹெர்ட்ஸ், இங்கே 60 ஹெர்ட்ஸ் என்பதால் அது இங்கே இயங்குமா என்று தயங்குகிறேன். இட்லி மாவு அரைக்கத் தாங்கும் மிக்சியையும், நம்பகமான பழைய சாமான் கடையையும் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.