சொந்தமாகக் கட்டிய வால்வு கிதார் ஆம்ப்: கெப்பாசிட்டரை மாற்றியும் 'உர்ர்' சத்தம் போகவில்லை

குடந்தைக் கிதார்

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். 1950களின் ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 வரைபடத்தைப் பார்த்து, உதிரிப் பொருள்களை வரவழைத்து, நானே ஈயம் வைத்துக் கட்டிய சிறிய ஆம்ப் (கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்). வால்வுகள் (கண்ணாடிக் குழாய்கள்) மூன்று: கிதார் ஒலியை முதலில் பெருக்க 12ஏஎக்ஸ்7 ஒன்று, ஸ்பீக்கரை ஓட்ட 6வி6 ஒன்று, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையராக 5ஒய்3 ஒன்று. டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டுக்கே சுற்றியது. சாம்ப்பில் எட்டு அங்குல ஸ்பீக்கர் இருக்கும். நான் பன்னிரண்டு அங்குலம் மாட்டியிருக்கிறேன்.

வாசித்தால் நாதம் அருமையாக இருக்கிறது. வாசிக்காதபோதுதான் தொல்லை. வால்வு சூடேறியதும் 'உர்ர்' என்று தொடங்குகிறது. கிதார் வயரைப் பிடுங்கினாலும், வால்யூமை அடியோடு குறைத்தாலும் அது குறைவதில்லை. மாடியில் ஆம்ப்பைப் போட்டால், கிரைண்டரை யார் ஓடவிட்டது என்று கீழிருந்து அம்மா கேட்கிறார்.

ரெக்டிஃபையரிலிருந்து வரும் டிசியைச் சமனாக்கும் முதல் பில்டர் கெப்பாசிட்டர் 16 மைக்ரோஃபாரட். அதைக் கழற்றிவிட்டு 100 போட்டேன், துளியும் மாற்றமில்லை. வால்வுகளைச் சூடேற்றும் ஹீட்டர் வயர்கள் இரண்டிலிருந்தும் சேசிசுக்கு (ஆம்ப்பின் உலோகச் சட்டத்துக்கு) ஆளுக்கொரு 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் வைத்தேன். அதில் ஒன்று மட்டும் பழுப்பேறிக் கருகல் வாடை அடிக்கிறது. 6வி6 வால்வையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. அடுத்து எதைக் கழற்றுவது?

மன்னை வாசி

எர்த்தைப் பாருங்கள். கோடையில் எங்கள் வீட்டு எர்த் குழி காய்ந்து, கிதார் தந்தியைத் தொட்டாலே விரல் சுள்ளென்றது. நான்கு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகு சரியானது.

குடந்தைக் கிதார்

அதையும் செய்தேன், அண்ணா. இப்போது குழியைச் சுற்றிப் புல் முளைத்திருக்கிறது. சத்தம் அப்படியே இருக்கிறது.

பழைய மைக்செட்

தம்பி, திருவாரூர்ப் பக்கம் கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் வால்வு ஆம்ப்ளிஃபையர் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். முதலில் அந்த 100 மைக்ரோஃபாரடைக் கழற்றிவிடுங்கள். 5ஒய்3 அதைத் தாங்காது. சுவிட்சைப் போட்டவுடன் வெறும் கெப்பாசிட்டர் நிரம்புவதற்கு இழுக்கிற கரண்ட் முழுவதும் அந்த வால்வின் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே பொறி பறந்தால் ஃபியூஸ் போகும். சமயத்தில் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து போகும். 16 இல்லையென்றால் 22 போடுங்கள், 500 வோல்ட் தாங்குவதாக.

கழற்றும் முன் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். ஐந்து வாட், பத்துக் கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அதை வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மழைக்கு ஓதம் ஏறிய சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து இந்த வேலை செய்யாதீர்கள்.

இனி சத்தத்துக்கு வருவோம். கிதாரின் தடித்த தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதோடு ஒட்டி நின்றால் 100 ஹெர்ட்ஸ். குற்றம் பில்டர் பக்கம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50 ஹெர்ட்ஸ். ஹீட்டர் பக்கம் பாருங்கள். பிறகு ஆம்ப்பை அணைத்து, 12ஏஎக்ஸ்7 வால்வை மட்டும் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டுக் கேளுங்கள்.

குடந்தைக் கிதார்

ஐயா, நீங்கள் சொன்ன பிறகுதான் உறைக்கிறது. நான் படித்த அமெரிக்கக் கட்டுரைகள் எல்லாம் 60, 120 என்றே சொல்லின. அதை நம்பி 'பி' சுரத்தோடு ஒப்பிட்டு, எதுவும் சேராமல் விட்டுவிட்டேன். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பது தெரிந்தும் புத்தி அங்கே போகவில்லை.

மூன்றாவது ஃபிரெட்டுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே உறுமுகிறது. 12ஏஎக்ஸ்7 வால்வைப் பிடுங்கியதும் அடங்கிவிட்டது. ஸ்பீக்கரில் காதை வைத்தால் மட்டும் ஏதோ லேசாகக் கேட்கிறது.

பழைய மைக்செட்

அப்படியென்றால் ஹீட்டர்தான், முதல் வால்வு வழியாக நுழைகிறது. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை வடித்துவிட்டு, ஹீட்டர் வயருக்கும் சேசிசுக்கும் இடையே எத்தனை ஓம் என்று அளந்து சொல்லுங்கள்.

குடந்தைக் கிதார்

0.4 ஓம். இரண்டு வயருக்கும் அதேதான்.

பழைய மைக்செட்

50 வர வேண்டும். ஹீட்டர் சுற்றின் தடை ஓர் ஓம்கூட இருக்காது. ஆகவே இரண்டு நூறும் இணையாக இருப்பதுபோல் மீட்டருக்குத் தெரியும். உங்களுக்கு 0.4 என்றால் ஹீட்டர் வயரில் ஒன்று எங்கோ நேராகச் சேசிசில் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு ரெசிஸ்டர் மட்டும் கருகியதற்கும் அதுதான் காரணம். 6.3 வோல்ட் முழுவதும் அதன்மேல் விழுந்தால் 0.4 வாட், அரை வாட் ரெசிஸ்டர் வேகாமல் என்ன செய்யும்?

ஆம்ப் ஓடுவதைக் காட்டும் பைலட் விளக்கு ஹீட்டர் வயரில்தான் இருக்கும், அதன் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். சில ஹோல்டர்களில் ஒரு முனை அதன் உலோக உடம்போடு சேர்ந்தே இருக்கும். பழைய சாம்ப்பில் ஹீட்டரின் ஒரு வயரைச் சேசிசிலேயே கட்டிவிடுவார்கள், அதனால் அங்கே அது குற்றமில்லை. நீங்கள் இரண்டு ரெசிஸ்டர் வைத்து, இரு வயருக்கும் நடுப்புள்ளியைச் சேசிசில் பிடிக்கப் பார்த்தீர்கள். விளக்கோ பழைய முறையிலேயே நிற்கிறது.

குடந்தைக் கிதார்

விளக்கு வயர் இரண்டையும் கழற்றியதும் மீட்டரில் 50.3! ஹோல்டரைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு முனையின் தகடு உடம்போடு சேர்த்து ரிவெட் அடிக்கப்பட்டிருக்கிறது. சேசிசுத் துளையைச் சற்று அகலமாக்கி, இரு பக்கமும் ஃபைபர் வாஷர் கொடுத்து, உடம்பு எங்கும் தொடாதபடி மாட்டினேன். கருகிய ரெசிஸ்டருக்குப் புதியது போட்டேன். முறுக்காமல் விட்டிருந்த ஹீட்டர் வயர்களையும் முறுக்கிச் சேசிசு மூலையோரமாகப் படுக்கவைத்தேன்.

உறுமல் போய்விட்டது. கிதாரை மாட்டினால் மட்டும் லேசாக இரைகிறது. நான் திரும்பி உட்கார்ந்தால் அதுவும் குறைகிறது.

மன்னை வாசி

அது கிதாரின் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைக் கம்பிச்சுருள்) இழுப்பது. டிரான்ஸ்பார்மரை விட்டுத் தள்ளி உட்காருங்கள்.

பழைய மைக்செட்

100 மைக்ரோஃபாரடைக் கழற்றியாகிவிட்டதா?

குடந்தைக் கிதார்

இன்னும் இல்லை, ஐயா. 500 வோல்ட்டில் 22 இங்கே கிடைக்கவில்லை. நண்பர் சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறார், வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

பழைய மைக்செட்

அதுவரை சுவிட்சைப் போடாதீர்கள். கழற்றிய 16 பத்திரமாக இருந்தால் அதையே திரும்ப மாட்டலாம்.