டீசல் வாட்டர் ஹீட்டர் காலையில் "தடார்" என்று வெடித்துப் பற்றுகிறது: என்ன செய்யலாம்?

முத்தியால்பேட்டை விடுதி

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒன்பது அறை உள்ள சின்ன விடுதி எங்களுடையது. கட்டடத்தை வாங்கியபோதே டீசலில் ஓடும் வாட்டர் ஹீட்டர் ஒன்று இருந்தது. 500 லிட்டர் டேங்க், பிளேட்டில் மணிக்கு 25,000 கிலோகலோரி என்று போட்டிருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே சின்ன அறையில் இருக்கிறது. 200 லிட்டர் டீசல் டேங்க் கட்டடத்துக்குப் பின்னால், தரையோடு தரையாக.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பின்பக்கம் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஹீட்டர் மேடை மேல் இருந்ததால் தப்பியது. டீசல் டேங்க் பாதி மூழ்கிவிட்டது. அதற்கப்புறம் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பற்றுவதில்லை. சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. ரீசெட் பட்டனை நாலைந்து தடவை அமுக்கினால் தடார் என்ற சத்தத்தோடு பிடிக்கிறது, சிம்னியில் கரும்புகை. ஒருமுறை பிடித்துவிட்டால் அன்று முழுவதும் சுமாராக ஓடுகிறது.

ஒரு மெக்கானிக் வந்து "வேகமாகச் சூடாகும்" என்று சொல்லி, டீசலைத் தூவும் நாசிலை மாற்றினார். பழையதில் 0.85, 60° என்று இருந்தது. புதியதில் 1.25, 80°. புகை கூடியதுதான் மிச்சம். மேல் தளத்தில் படிக்கட்டை ஒட்டிய அறையில் தங்குபவர்கள் டீசல் வாடை வருகிறது, தலை வலிக்கிறது என்கிறார்கள். மெஷினையே மாற்ற வேண்டுமா, சரி செய்யலாமா?

கடலூர் பர்னர் மெக்கானிக்

சார், மெஷின் கதை அப்புறம். முதலில் அந்த மாடி அறையை இன்றைக்கே காலி செய்யுங்கள். ஹீட்டரையும் நிறுத்துங்கள். டீசல் வாடை மூக்குக்குத் தெரியும். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தலைவலிதான் அதன் முதல் அடையாளம். சிம்னி இணைப்பில் எங்கோ விட்டிருக்கிறது, அல்லது கரி அடைத்துப் புகை திரும்பி வருகிறது. அது சரியாகும்வரை விருந்தினருக்கு பக்கெட்டில் வெந்நீர் கொடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் கடலூர் சிப்காட் பக்கத்துக் கம்பெனிகளிலும், திருப்பாதிரிப்புலியூர் லாட்ஜுகளிலும் பர்னர், அதாவது டீசலைத் தூவி எரிக்கும் பகுதி, அந்த வேலை பார்க்கிறேன். நீங்கள் சொல்லும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் சுற்றும், பம்பு டீசலை நாசில் வழியாகப் பூவாகத் தூவும், எலக்ட்ரோடில் பொறி பாயும், தீ பிடிக்கும். தீ தெரிகிறதா என்று போட்டோசெல் பார்க்கும். சில வினாடிக்குள் தெரியாவிட்டால் கண்ட்ரோல் பாக்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதுதான் உங்கள் சிவப்பு விளக்கு. ஒவ்வொரு முறை ரீசெட் அமுக்கும்போதும் எரியாத டீசல் கொஞ்சம் உள்ளே விழுகிறது. நாலு தடவை அமுக்கினால் நாலு தடவை தூவிய டீசல் அடுப்பறையில் தேங்கும். ஐந்தாவது தடவை பொறி பிடித்தால் தேங்கியது மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றும். கதவு பிய்த்துக்கொண்டு போன ஹீட்டரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை ரீசெட், அதற்கு மேல் வேண்டாம். உங்கள் வாட்ச்மேனிடமும் ரூம் பையனிடமும் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

குளிர்ந்த நிலையில் பிடிக்காமல், சூடானபின் பிடிக்கிறது என்றால் என் சந்தேகம் இரண்டு: பொறி பலவீனம், டீசலில் தண்ணீர்.

பொறியை முதலில் பாருங்கள். கரண்டை நிறுத்திவிட்டு பர்னரைக் கழற்றி எலக்ட்ரோடின் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும். நம் கடற்கரை உப்புக்காற்றில் ஈரம் அதில் ஏறி, பொறி முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் இரும்புக்கு இறங்கிவிடும். காலையில் ஈரம் அதிகம், அதனால்தான் காலையில் மட்டும் மக்கர். பீங்கானில் கறுப்புக் கோடு மரக்கிளை போல ஓடியிருந்தால் சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடுங்கள். இரண்டு முனைக்கும் நடுவே 3 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி. டிரான்ஸ்பார்மர் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் தரும், ஸ்குரூடிரைவர் வைத்துச் சோதிக்கும் வேலையை யாரையும் செய்ய விடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். பெட்ரோல் பங்கில் டிப் ராடில் (டேங்கில் விட்டு அளக்கும் கம்பி) தடவும் வாட்டர் பேஸ்ட் ஒரு டியூப் வாங்குங்கள். ராடின் அடி முனையில் தடவி டேங்கின் அடிவரை விட்டு எடுங்கள். தண்ணீர் நிற்கும் உயரம் வரை நிறம் மாறியிருக்கும். இருந்தால் அடி வால்வைத் திறந்து சுத்த டீசல் வரும்வரை வடியுங்கள். ஃபில்டரையும் பம்புக்குள் இருக்கும் ஜாலியையும் (சல்லடை) கழற்றிக் கழுவி, பிளீட் ஸ்குரூவைத் தளர்த்தி உள்ளே சிக்கிய காற்றை எடுங்கள்.

நாசில் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அதில் உள்ள எண் 7 பார் அழுத்தத்தில் மணிக்கு எத்தனை அமெரிக்க கேலன் என்பது. பம்பை 10 பாரில் வைத்தால் 0.85 நாசில் மணிக்கு 3.8 லிட்டர் தள்ளும். உங்கள் பிளேட்டில் உள்ள 25,000-க்கு அது சரியான அளவு. 1.25 போட்டால் ஐந்தரை லிட்டருக்கு மேல். காற்று அதே அளவு, டீசல் ஒன்றரை மடங்கு! புகை வராமல் என்ன வரும்? டிகிரி என்பது தூவல் விரியும் கோணம். 80 டிகிரி விரிந்த தீ அடுப்பறைச் சுவரில் போய் அடித்துக் கரி பிடிக்கும். பழைய அளவிலேயே புதிதாக ஒன்று வாங்குங்கள். கம்பியால் குத்திச் சுத்தம் செய்த நாசில் வேண்டாம், தூவல் கோணலாகிவிடும்.

மஞ்சக்குப்பம் பிளம்பர்

அண்ணன் சொன்னதோடு டேங்கையும் கவனியுங்கள். அடுத்த புயலுக்குள் தரையிலிருந்து மூன்றடி மேடை கட்டி ஏற்றி, போல்ட் போட்டு இறுக்குங்கள். வெள்ளத்தில் பாதி காலியான டேங்க் மிதக்கும், பைப்பைப் பிடுங்கிக்கொள்ளும். டீசலுக்கு ஜிஐ பைப் வேண்டாம், அந்தத் துத்தநாகப் பூச்சுக்கும் டீசலுக்கும் ஒத்துவராது. செம்புப் பைப் போடுங்கள். ஜாயிண்டில் டெஃப்லான் டேப்பும் வேண்டாம், அதன் துணுக்கு பம்பில் போய் உட்காரும்.

மாடிப்படி அறையின் கதவில் மேலும் கீழும் காற்று வரும் ஜன்னல் இருக்கிறதா? மூடிய அறையில் பர்னர் மூச்சுத் திணறும். தண்ணீர் பக்கத்தில் சேஃப்டி வால்வை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். போர் தண்ணீர் என்றால் உப்பு பிடித்து ஒட்டிப்போயிருக்கும்.

வில்லியனூர் வாசி

இத்தனை கஷ்டம் எதற்கு, வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரைக் கரண்டில் சூடாக்கும் ஹீட் பம்ப் போட்டுவிடலாமே? 500 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 16,000 கிலோகலோரி. டீசலில் இரண்டரை லிட்டர் வரை ஆகும். ஹீட் பம்பில் ஆறேழு யூனிட் கரண்ட்தான்.

கடலூர் பர்னர் மெக்கானிக்

கணக்கு சரிதான் தம்பி, மறுக்கவில்லை. புதிதாகக் கட்டுபவருக்கு நானும் அதையே சொல்வேன். வெளி யூனிட்டின் ஃபின்களை (மெல்லிய உலோகத் தகடுகள்) மட்டும் உப்புக்காற்று தாங்கும் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடலூரில் பல நாள் கரண்ட் இல்லை. பர்னருக்கு மோட்டார், பொறி எல்லாம் சேர்த்து சில நூறு வாட்தான், சின்ன ஜெனரேட்டரில் ஓடிவிடும். நல்ல டேங்கோடு மெஷின் கையில் இருக்கும்போது அதைத் தூக்கிப்போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முத்தியால்பேட்டை விடுதி

எல்லோருக்கும் நன்றி. அறையைக் காலி செய்துவிட்டேன். பேஸ்ட் இரண்டு விரல் உயரம் நிறம் மாறியது! ஒரு எலக்ட்ரோடு பீங்கானில் அண்ணன் சொன்ன கறுப்புக் கோடு அப்படியே இருக்கிறது. சிம்னியின் முதல் வளைவில் துருப்பிடித்து ஓட்டை, சுண்டுவிரல் நுழைகிறது. இப்போது எதை முதலில் செய்வது?

கடலூர் பர்னர் மெக்கானிக்

அந்த ஓட்டைதான் உங்கள் தலைவலி. ஒட்டுப்போடாமல் வளைவை முழுதாக மாற்றுங்கள், எஸ்எஸ் 316 என்ற துருப்பிடிக்காத ஸ்டீல் கேளுங்கள். அப்புறம் சூடான புகை போகும் ஃபயர் டியூபில் படிந்த கரியை பிரஷ் போட்டு எடுத்து, அடுப்பறையில் தேங்கிய டீசலைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு சொட்டுகூட மிச்சமில்லாமல் துடைத்தபின்தான் எலக்ட்ரோடு, நாசில் எல்லாம்.

கடைசியாகக் காற்று அளவு. "தீ மஞ்சளாக இருக்கிறது, போதும்" என்று கண்ணால் பார்த்து வைப்பவரை அனுப்பிவிடுங்கள். சிம்னிப் புகையில் உள்ள வாயுக்களை அளக்கும் ஃப்ளூ கேஸ் அனலைசரும், புகையை வெள்ளைத் தாளில் இழுத்துக் கறையைப் பார்க்கும் புகை பம்பும் கொண்டுவருபவரைக் கூப்பிடுங்கள். புகைக்கறை 0 அல்லது 1, கார்பன் டை ஆக்சைடு 12 சதவீதம் சுற்றி வந்தால் நல்ல செட்டிங். அன்றைக்கு சிம்னி வெப்பம் எவ்வளவு என்று சுவரில் எழுதி வையுங்கள், ஒரு டயல் தெர்மாமீட்டரும் மாட்டிவிடுங்கள். அதிலிருந்து 22 டிகிரி ஏறினால் ஒரு சதவீத டீசல் வீண் என்று கணக்கு. ஐம்பது ஏறினால் பிரஷ் எடுக்க வேண்டிய நேரம்.

இன்னொன்று. கடலூரைவிட அங்கே டீசல் விலை குறைவு என்று பேரல் பேரலாக வாங்கி அடுக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டர், ஒரு கலனில் 1,000 லிட்டர் வரைதான் சட்டம் அனுமதிக்கிறது. உங்களுக்கு அந்த 200 லிட்டர் டேங்கே தாராளம். புது வளைவு மாட்டியதும் போட்டோ போடுங்கள், ஜாயிண்ட் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.