மறு: வலிப்புக் கையேடு – 'இடமறி நினைவு' என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கடலூரில் பெற்றோருக்கும் சிறப்பாசிரியர்களுக்கும் நாங்கள் தயாரிக்கும் கையேட்டில் ஒரு சொல் இன்னும் முடிவாகவில்லை. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எந்த வழியாகப் போய்த் திரும்புவது என்பதை மனத்தில் வைத்திருக்கும் திறனுக்கு என்ன பெயர்? 'வெளிசார் நினைவு' என்றார் திண்டிவனம் ஐயா. 'இட நினைவு' போதும் என்றார் காரைக்கால் தோழி.

'வெளி' இயற்பியல் பாடத்துக்குப் பொருந்தும். திருப்பாப்புலியூரில் ஒரு அம்மா அதைப் படித்தால் வீட்டுக்கு வெளியே நடந்ததைப் பற்றிய நினைவு என்றுதான் எடுத்துக்கொள்வார். 'இட நினைவு' கச்சிதமான சொல். ஆனால் மருத்துவ அறிக்கையில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கப் பொட்டு மடல் (காதுப் பக்கமாக உள்ள மூளைப் பகுதி) சொற்களைப் பற்றிய நினைவோடும், வலப்பக்கம் இடங்களைப் பற்றிய நினைவோடும் கூடுதல் தொடர்புள்ளவை. 'இட நினைவு வலப்பக்கம் சார்ந்தது' என்று அச்சடித்தால் படிப்பவர் என்ன செய்வார்?

அதனால்தான் 'இடமறி நினைவு' என்கிறேன். 'இடமறி செல்' என்ற துணைச்சொல்லும் இதிலிருந்தே கிடைக்கிறது. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் தூண்டப்படும் செல்கள், நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971இல் வெளியிட்டார். 2014இல் நோபல் பரிசும் பெற்றார். (ஹிப்போகேம்பஸை அப்படியே விட்டுவிடலாம். மருத்துவர் வாயிலும் அதுதான் வரும்.)

குட்டிப் பருவத்தில் வலிப்புகளுக்கு ஆளான எலிகள் வளர்ந்த பிறகு, இந்தச் செல்களின் துல்லியம் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டின. ஒரு மூலையை மட்டும் குறிக்க வேண்டிய செல் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்துத் தூண்டப்படுகிறது. அடுத்த முறை அதே அடையாளம் நிலைப்பதுமில்லை. கலங்கிய நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையை, சுற்றியுள்ள அடையாளங்களை வைத்துக் கண்டுபிடிக்கவும் அந்த எலிகள் திணறின. கவனிக்க வேண்டியது, சில ஆய்வுகளில் செல்கள் பெரிதாகச் சாகவில்லை, இணைப்புகள்தான் மாறியிருந்தன. ஆகவே 'மூளைச் சேதம்' என்ற சொல் நம் கையேட்டில் வரவே கூடாது.

எலிக்கு நடந்தது எல்லாப் பிள்ளைக்கும் நடக்கும் என்று யாரும் பயந்துவிடக் கூடாது. 6 மாதத்திலிருந்து 5 வயது வரை காய்ச்சலோடு வரும் சாதாரண வலிப்பு, 15 நிமிடத்துக்குள் அடங்கிவிடுவது, படிப்பைக் கெடுப்பதில்லை. பிரிட்டனில் 1970இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், காய்ச்சல் வலிப்பு வந்த பிள்ளைகள் 10 வயதில் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. கவலை நீண்ட நேரம் விடாத வலிப்புக்கும், அடிக்கடி திரும்பி வருவதற்கும்தான். அங்கேயும் வலிப்புக்குக் காரணமான நோய், மாத்திரை, பள்ளிக்குப் போகாத நாட்கள் எல்லாம் சேர்ந்தே படிப்பைப் பாதிக்கும்.

வகுப்பறையில் இந்தச் சொல் உண்மையிலேயே உதவும். கதையை வரி பிசகாமல் சொல்லும் பிள்ளை தன் வகுப்புக்கு வழி தெரியாமல் நிற்கலாம். புதுச்சேரியில் கடற்கரை ஓரத்து வீதிகள் நேர்கோடாக ஓடி செங்கோணத்தில் வெட்டிக்கொள்வதால் எல்லா முனையும் ஒரே மாதிரிதான் தெரியும்; அங்கேயும் இப்படிப்பட்ட பிள்ளை தடுமாறலாம். அந்தப் பிள்ளையை 'மறதிக்காரன்', 'கவனமில்லாதவன்' என்று எழுதிவிடுகிறார்கள். 'இடமறி நினைவில் உதவி தேவை' என்று எழுதினால் அடுத்து என்ன செய்வது என்பதும் புலப்படும்: வழியைச் சொற்களாக்கிச் சொல்லிக்கொடுப்பது, அடையாளங்களுக்குப் பெயர் வைப்பது, அதே வழியில் கூடவே பல முறை நடப்பது.

—

காரைக்காலிலிருந்து:

இட–வலக் குழப்பம் எனக்குத் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'இடமறி'யை 'இட மறி' என்று பிரித்து, மறிப்பது என்று படித்தால்? 'இடமறி நினைவு' என்றால் வழியை மறிக்கும் நினைவு என்றாகிவிடாதா அண்ணா?

—

கடலூரிலிருந்து:

நல்ல கேள்வி, தோழி. முதல் முறை வரும் இடத்தில் 'இடம் அறியும் நினைவு' என்று விரித்து எழுதிவிட்டு, அதற்கடுத்து 'இடமறி நினைவு' என்று சுருக்கலாம். தலைப்பிலும் விரிந்த வடிவமே இருக்கட்டும். திண்டிவனம் ஐயா, நீங்களும் சரி என்றால் கையேட்டின் மூன்றாம் பகுதியில் இப்படியே மாற்றிவிடுகிறேன். 'வலிப்பு', 'வலிப்பு நோய்' இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதைத் தனி இழையில் பேசுவோம். ஒரே ஒரு முறை வலிப்பு வந்த பிள்ளையை நோயாளி என்று எழுதக் கூடாது.