பதிவகத்தில் ‘இம்போர்ட்’ என்பது மீட்பு அல்ல

அன்பர்களுக்கு வணக்கம்.

விண்டோஸும் அதில் ஓடும் நிரல்களும் தங்கள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. அதற்குத் தமிழில் ‘பதிவேடு’ என்பதைவிடப் ‘பதிவகம்’ பொருந்தும் என்ற முன்மொழிவை நானும் ஏற்கிறேன். ‘பதிவேடு’ என்றால் வரிசையாக எழுதிக்கொண்டே போவது. ரெஜிஸ்ட்ரி கிளை கிளையாகப் பிரிந்து இறங்குவது. ஒவ்வொரு நிரலும் ஐஎன்ஐ (.ini) என்னும் தனித்தனி உரைக்கோப்பில் வைத்திருந்த அமைப்புகளை ஓரிடத்தில் திரட்டும் வழக்கம் விண்டோஸ் 95 காலத்தில் பரவலானது. அதற்கு ‘அகம்’ பொருந்துகிறது.

எனக்குக் கவலை, காப்புநகல் எடுக்கும்போது வரும் சொற்களைப் பற்றித்தான். இவற்றைப் படித்துவிட்டு ஒருவர் தன் கணினியில் கை வைக்கப் போகிறார். பதிவகத்தைத் திருத்தும் கருவியான ரெஜ்எடிட்டில் சேமிக்கும் பொத்தானும் இல்லை, செய்ததைத் திரும்பப் பெறும் வசதியும் இல்லை. ஓகே கொடுத்ததுமே மாற்றம் உள்ளே போய்விடும்.

முதலில் இம்போர்ட், அதாவது வெளியே எடுத்து வைத்த கோப்பைப் பதிவகத்துக்குள் திரும்ப ஏற்றுவது. இதற்கு ‘மீட்டெடு’ வேண்டவே வேண்டாம். ஒரு கிளையை ரெக் (.reg) கோப்பாக வெளியே எடுத்து வைக்கிறோம். அப்புறம் பதிவகத்தில் அந்தக் கிளையில் ஒரு பதிவை மாற்றுகிறோம், புதிதாக இரண்டைச் சேர்க்கிறோம். கணினி முரண்டு பிடிக்கிறது. எடுத்து வைத்த கோப்பை இரட்டைச் சொடுக்குகிறோம். மாற்றிய பதிவு பழையபடி ஆகிவிடும்; சேர்த்த இரண்டும் அப்படியே கிடக்கும். கோப்பில் உள்ளதை மேலே எழுதுமே தவிர, கோப்பில் இல்லாததை அது அழிக்காது. அழிக்க வேண்டுமானால் பதிவின் பெயருக்குப் பின் சமக்குறியும் கழித்தல் குறியும் இட்டு, கோப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். ‘மீட்டெடு’ என்று படித்தவர் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று நம்பிவிடுவார். ஆகவே ‘மேற்சேர்ப்பு’ என்று முன்மொழிகிறேன். நடப்பதை அப்படியே சொல்லும் சொல் இது.

கோப்புறை போல ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் கீ என்பதற்கு விசை, சாவி இரண்டுமே ஒட்டாது, ‘கிளை’ போதும். அதனுள் இருக்கும் வேல்யூதான் சிக்கல். பெயர், வகை, தரவு மூன்றும் சேர்ந்ததுதான் அங்கே வேல்யூ. முழுவதற்கும் ‘பதிவு’ என்றும், உள்ளிருக்கும் தரவுக்கு மட்டும் ‘மதிப்பு’ என்றும் வைத்தால் குழப்பம் தீரும். ‘பதிவை அழி’, ‘மதிப்பை மாற்று’ என்று தெளிவாக எழுதலாம். டிவேர்டு என்னும் எண் வகைப் பதிவைத் திறந்தால் பதினாறடிமானம் (ஹெக்ஸாடெசிமல்)தான் முதலில் தேர்வாகியிருக்கும். அங்கே 10 என்று தட்டினால் உள்ளே போவது 16. உதவிக்குறிப்பு எழுதுவோர் எந்த அடிமானம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடுத்து ஹைவ். தேன்கூடு என்று பொருள்; பதிவகத் தரவு வட்டில் இருக்கும் கோப்புக்கு அங்கே இதுதான் பெயர். விண்டோஸ் என்டியை உருவாக்கியவர்களில் ஒருவருக்குத் தேனீ என்றாலே ஆகாதாம். ரெஜிஸ்ட்ரியை எழுதியவர் அதற்காகவே தேனீச் சொற்களை உள்ளே நுழைத்தார் என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். கோப்புக்கு ஹைவ் என்றும், அதனுள் தரவு இருக்கும் துண்டுக்கு செல் என்றும் பெயர் வந்தது இப்படித்தான். தேனடையும் அதன் அறைகளும் நம்மிடம் எப்போதும் உள்ளவை. ஆகவே ஹைவுக்குப் ‘பதிவடை’, செல்லுக்கு ‘அறை’.

சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக் கோப்புறையில் இருக்கும் சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம் எல்லாம் பதிவடைகள். விண்டோஸ் ஓடும்போது அவற்றைச் சாதாரணமாக நகலெடுக்க முடியாது. ‘ரெக் சேவ்’ கட்டளை வேண்டும். பக்கத்திலேயே உள்ள ரெக்பேக் கோப்புறையை நம்பச் சொல்லும் பழைய குறிப்புகளைத் திருத்தியாக வேண்டும். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து தானியங்கிக் காப்பு இயல்பாக நடப்பதில்லை. அங்குள்ள கோப்புகளின் அளவு சுழியம் என்றே காட்டும்.

‘மீட்பு’ என்ற சொல்லைப் பதிவடையை முழுதாக மாற்றி வைப்பதற்கும் கணினியை முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும் சிஸ்டம் ரெஸ்டோருக்கும் ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து. ‘மேற்சேர்ப்பு’ நீளம் என்று நினைப்பவர்கள் வேறு சொல் தரலாம். கோப்பில் இல்லாதது அழியாது என்ற பொருள் மட்டும் அதில் விட்டுப்போகக் கூடாது.