புதுப்பிப்பு: ஜப்பானில் வேலை கிடைத்துவிட்டது

டோக்கியோவில் பட்டப்படிப்பு முடிந்தும் வேலை அமையவில்லை, மாணவர் விசா முடியப்போகிறது, கையில் ஜப்பானிய மொழித் தேர்வில் நடுநிலையான என்3 சான்றிதழ் மட்டும்தான் என்று முன்பு புலம்பியிருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

விசாவுக்கு வழி இருந்தது. இங்கே பட்டம் பெற்றவர்கள் வேலை தேட 6 மாத அனுமதி கேட்கலாம், ஒருமுறை நீட்டிக்கவும் செய்யலாம். கல்லூரியின் பரிந்துரைக் கடிதம் முக்கியம்.

அப்புறம் ஹலோ வொர்க். அரசு வேலைவாய்ப்பு அலுவலகம், காசு கிடையாது. ஷின்ஜுகு வட்டாரத்தில் வெளிநாட்டினருக்கென்றே தனி மையம் இருக்கிறது. அங்கிருந்த அம்மா என் ரிரேகிஷோ (ஜப்பானிய பாணி சுயவிவர) படிவத்தில் 'ஏன் இந்த நிறுவனம்' என்ற பகுதியைப் படித்துவிட்டு, "இதை எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் அனுப்பலாமே" என்றார், சிரிக்காமல். அதன்பின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கையால் எழுதினேன். அழைப்புகள் வரத் தொடங்கியது அப்போதுதான்.

நேர்காணலில் ஜாவா நிரல்மொழி பற்றி இரண்டே கேள்வி. மீதி நேரமெல்லாம், கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரிடம் போனில் எப்படிப் பேசுவாய் என்பதுதான். கெய்கோ, அதாவது ஜப்பானிய மரியாதைப் பேச்சு, உளறியது, ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள்.

டோக்கியோ பக்கத்துக் கவாசாகி நகரில் சின்ன சாப்ட்வேர் நிறுவனம். சம்பளம் சுமார்தான். பொறியாளர் விசாவும் வந்துவிட்டது. ஆங்கிலத்தை வைத்தே ஓட்டிவிடலாம் என்பதெல்லாம் பெரிய கம்பெனிகளில் சிலருக்கு வாய்ப்பது. மொழித் தேர்வில் அடுத்த படியான என்2-வை ஜூலையில் எழுதப் பணம் கட்டியாச்சு.